தேக்கு பெஞ்சு, தெற்கு வாசல்

கோயிலுக்குப் புது பெஞ்சு போடுவது என்று முடிவாகிவிட்டது. முடிவானதும் குழு. குழு அமைந்ததும் கூட்டம். எந்த ஊர்க் கோயில் என்று கேட்காதீர்கள். உங்கள் ஊர்க் கோயில்தான்.

கூட்டத்தில் அனல் பறந்தது. தேக்கா, வேங்கையா? சாய்மானம் நேராக இருக்கட்டுமா, கொஞ்சம் மல்லாந்து இருக்கட்டுமா? முழந்தாளிடும் பலகைக்குப் பஞ்சு வைப்பதா, வெறும் ரெக்சின் போதுமா? ஒருவர், பெஞ்சு பழைய காலம், தனித்தனி நாற்காலிதான் நாகரிகம் என்றார். இன்னொருவர், தரைக்குப் பளபளவென்று கிரானைட் போட்டுவிட்டால் பெஞ்சே வேண்டாம், வழுக்கிக்கொண்டே மோட்சம் போய்விடலாம் என்றார். அவர் பேச்சு நடவடிக்கைக் குறிப்பில் ஏறவில்லை.

மூன்று மணி நேரம். இரண்டு சுற்று டீ. யார் எங்கே உட்காருவது என்ற பேச்சு மட்டும் எழவே இல்லை. ஏன் எழவேண்டும்? அது எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. நடு வாசலில் நுழைகிறவர் யார், தெற்கு வாசலில் நுழைந்து தூணுக்குப் பின்னால் ஒதுங்குகிறவர் யார் என்பதற்கெல்லாம் குழு தேவையில்லை. குழு பிறப்பதற்கு முன்பே, கோயில் பிறப்பதற்கு முன்பே, இயேசு இந்த ஊருக்கு வருவதற்கு முன்பே முடிவான காரியம் அது.

திண்டுக்கல் நாகல் நகரில் இருந்துகொண்டு எழுதுகிறேன். இது பூட்டு ஊர். நாகல் நகர், நல்லாம்பட்டி, குடைப்பாறைப்பட்டி, யாகப்பன்பட்டி, அடியனூத்து என்று சுற்றுவட்டாரம் முழுக்கப் பட்டறைகள் இருந்த மண். 2019-இல் புவிசார் குறியீடும் வாங்கியாயிற்று. பட்டறையில் கை கறுத்தவரிடம் கேட்டால் ஒன்று சொல்வார்: யாரை வெளியே நிறுத்துவது என்று பூட்டு முடிவு செய்வதில்லை, சாவியை இடுப்பில் செருகியிருப்பவர் முடிவு செய்கிறார். பெஞ்சும் அப்படித்தான். தேக்கு மரத்துக்குச் சாதி தெரியாது. அதை எங்கே போடுவது என்று கை நீட்டுகிறவருக்குத் தெரியும்.

பெஞ்சுக்குப் பணம் வேண்டுமே. இருக்கவே இருக்கிறது உபயம். எங்கள் கோயில்களில் கடவுளின் பெயரைவிட உபயதாரரின் பெயர்தான் அதிக இடத்தில் எழுதியிருக்கிறது. டியூப்லைட்டில் பாதி வெளிச்சம், பாதி பெயர். மின்விசிறியின் மூன்று இறக்கையிலும் மூன்று தலைமுறைப் பெயர். சுற்றும்போது மட்டும்தான் அவர்களுக்கு அடக்கம் வருகிறது. வாசற்படியில் பெயர், தீர்த்தத் தொட்டியில் பெயர், காணிக்கைப் பெட்டியிலேயே பெயர். பெட்டிக்குள் போடும் ஏழையின் பத்து ரூபாய்க்குத்தான் பெயர் இல்லை.

முன்வரிசை பெஞ்சின் முதுகில் தங்க எழுத்தில் ஒரு பெயர். அவர் ஞாயிறு பூசைக்கு வருவதில்லை. பெயர் தவறாமல் வந்துவிடுகிறது. திருவிழாவன்று மட்டும் ஆளும் வருவார். அன்று எம்.எல்.ஏ. வருவார். வட்டம் வருவார், மாவட்டம் வருவார். அவர்களுக்குப் பீடத்துக்குக் கீழே துண்டு விரித்த சோபா. கைக்குழந்தையோடு வந்தவள் மூன்று மணி நேரம் வெயிலில் பந்தலுக்கு வெளியே. ஒலிபெருக்கியில் மறையுரை நடக்கும். தலைப்பு: தாழ்ச்சி.

இதை ஒருவர் முன்பே பார்த்துவிட்டார். யாக்கோபு. புதிய ஏற்பாட்டில் அவர் எழுதிய திருமுகத்தின் இரண்டாம் அதிகாரத்தைப் புரட்டுங்கள். பொன் மோதிரமும் மினுக்கும் உடையுமாக ஒருவர் தொழுகைக்கு வருகிறார். அழுக்குத் துணியோடு ஓர் ஏழையும் வருகிறார். முதலாமவருக்கு நல்ல இடம் காட்டிவிட்டு இரண்டாமவரை நிற்கச் சொன்னால், அல்லது கால்மாட்டில் உட்காரச் சொன்னால், அது கேடுகெட்ட நீதி என்று கொதிக்கிறார் மனிதர். ஏறக்குறைய இரண்டாயிரம் வருடத்துக்கு முன்பே நம் பெஞ்சுக் குழுவின் நடவடிக்கைக் குறிப்பை எழுதிவைத்துவிட்டார். அந்த வாசகம் வருகிற ஞாயிற்றுக்கிழமையும் அதை வாசிக்க முன்வரிசையிலிருந்துதான் ஒருவர் எழுந்து போகிறார். வாசித்துவிட்டு அதே இடத்தில் வந்து உட்காருகிறார். நாமும் ஆண்டவருக்கு நன்றி சொல்லி வைக்கிறோம்.

திருச்சபையிடம் சட்டம் இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-இல் வெளியிட்ட திருவழிபாட்டுக் கொள்கைத் திரட்டின் 32-ஆம் எண் தெளிவாகச் சொல்கிறது. திருப்பணியாளருக்கும், வழிபாட்டுச் சட்டம் அனுமதிக்கிற அளவில் அரசு அதிகாரிகளுக்கும் உரிய மரியாதை போக, வழிபாட்டில் எந்தத் தனியாளுக்கும் எந்த வகுப்பாருக்கும் தனி மரியாதை கூடாது. சட்டம் அறுபது வருடம் பழசு. சோபாவைப் போன திருவிழாவுக்குத்தான் வாங்கினார்கள்.

அந்தச் சங்கம் என்னவெல்லாம் மாற்றியது என்று நினைத்துப் பாருங்கள். லத்தீன் போனது, தமிழ் வந்தது. நூற்றாண்டுகளாக நமக்கு முதுகு காட்டிப் பூசை வைத்த சாமியார் முகம் காட்டினார். சுவரோடு ஒட்டியிருந்த பீடத்தைப் பெயர்த்து முன்னால் இழுத்துப் போட்டார்கள். கருங்கல் பீடம் நகர்ந்தது. மொழி நகர்ந்தது. தூணுக்குப் பின்னால் உட்கார்ந்தவர் மட்டும் நகரவில்லை. கேட்டால் அது மரபு.

மரபு என்றால் சாதாரண மரபு இல்லை. வரலாறு உள்ள மரபு. தரங்கம்பாடியிலிருந்து தொடங்கலாம். மிஷனரி சீகன்பால்கு 1706-இல் அங்கே வந்து இறங்கினார். அந்த மிஷனின் கோயிலில் ஐரோப்பிய உடை அணிந்தவருக்குப் பெஞ்சு, நம் உடைக்காரருக்குப் பாயும் தரையும். சரி, வெள்ளைக்காரன் புத்தி என்று விடலாம். ஆனால் தரையில் உட்கார்ந்த நம்மவர்களுக்குள்ளேயும் மேல்சாதியாருக்கும் பறையருக்கும் நடுவே இடைவெளி விட்டார்கள். நற்செய்தி கப்பல் ஏறி வந்தது. இடைவெளி உள்ளூர்ச் சரக்கு.

புதுச்சேரியில் இடைவெளி போதவில்லை. சுவரே வைத்தார்கள். சம்பா கோயிலில் சாதிக் கிறிஸ்தவர்களையும் பறையர்களையும் பிரித்த சுவரைப் பற்றியும், 1745-இல் அது இடிபட்டபோது கிளம்பிய அமளியைப் பற்றியும் ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் எழுதிவைத்திருக்கிறார். ஒரு துபாஷி தன் வியாபாரக் கணக்குக்கு நடுவே குறித்துவைக்கிற அளவுக்கு அது ஊர்ச் செய்தி. சுவரை வைத்தபோது மோட்சம் அதிரவில்லை. எடுத்தபோதுதான் அதிர்ந்தது.

அடுத்து 1833. கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் ஒரு கடிதம் எழுதினார். சபைக்குள் சாதி வேறுபாடு உடனடியாக, முற்றாக ஒழிய வேண்டும். உட்காருவதிலும் நற்கருணை வாங்குவதிலும் முன்னால் பின்னால் கூடாது. சென்னை வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் கடிதத்தை வாசித்தார்கள். சாதிக் கிறிஸ்தவர்கள் கூட்டம் கூட்டமாக வெளியே நடந்தார்கள். கிறிஸ்துவுக்காகச் சொந்தபந்தத்தை விட்டவர்கள், ஒரு பாயை விட முடியாமல் கிறிஸ்துவை விட்டார்கள். விட்டவர்கள் சும்மாவும் இருக்கவில்லை. சாதி விஷயத்தில் கண்டிப்புக் காட்டாத லீப்சிக் லுத்தரன் மிஷன் 1840-களில் வந்ததும் அவர்களில் பலர் அங்கே போய்ச் சேர்ந்தார்கள். இரட்சிப்பு எங்கும் ஒன்றுதான். பாய் எங்கே தருகிறார்கள் என்பதுதான் கேள்வி. தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் போன்ற மாகவிஞரே அந்தச் சண்டையில் பாயின் பக்கம் நின்றார் என்பதை நினைத்தால் நமக்குத்தான் வெட்கம்.

ஆனாலும் இதெல்லாம் கை வேலை. கட்டடக்கலை என்றால் வடக்கன்குளம்.

திருநெல்வேலிச் சீமையில், குமரி மாவட்டத்தை ஒட்டியிருக்கிற ஊர். அங்கே வேளாளப் பிள்ளைமாரும் முதலிமாரும் ஒரு பக்கம், நாடார்கள் ஒரு பக்கம். ஒரே கூரையின் கீழ் இருவரையும் உட்கார வைக்க முடியவில்லை. இரண்டு கோயில் கட்டினால் உலகம் சிரிக்கும். என்ன செய்வது? 1872-இல் ஓர் அபூர்வமான கோயில் எழும்பியது. ஒரு பீடம். அதிலிருந்து இரண்டு நீண்ட கூடங்கள் கவட்டைபோலப் பிரிந்து போகும். இந்தக் கூடத்தில் இவர்கள், அந்தக் கூடத்தில் அவர்கள். நடுவே தடுப்பு. பீடத்தை இருவரும் பார்க்கலாம். ஒருவரை ஒருவர் பார்க்க வேண்டியதில்லை. காற்சட்டைக் கோயில் என்றே அதற்குப் பெயர் விழுந்தது. உலகமெங்கும் கோயில்களைச் சிலுவை வடிவில் கட்டினார்கள். நாம் கால்சராய் வடிவில் கட்டினோம்.

யோசித்துப் பாருங்கள். அதற்கும் ஒருவர் வரைபடம் போட்டிருப்பார். கொத்தனார் நூல் பிடித்திருப்பார். சுண்ணாம்பு அரைத்திருப்பார்கள். எவ்வளவு கல், எவ்வளவு கூலி, எவ்வளவு காணிக்கை! ஒரு மனிதன் பக்கத்தில் இன்னொரு மனிதன் உட்கார்ந்துவிடக் கூடாது என்பதற்காக இவ்வளவு செலவு. பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் காலணா ஆகியிருக்காது. கடைசியில் அதை ஆயர் வந்து மந்திரித்து, கடவுளின் வீடு என்று பெயரும் வைத்தார்கள். குடியிருக்கப்போகும் கடவுளிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

இன்னொரு கூத்து. இதே வடக்கன்குளத்தில்தான் 1745-இல் நீலகண்டன் என்கிற அரண்மனை ஊழியர் ஞானஸ்நானம் பெற்று தேவசகாயம் ஆனார். புதுச்சேரியில் சுவர் இடிந்த அதே வருடம். எல்லாச் சாதியாரோடும் கலந்து பழகினார் என்பதும் அவர் மேல் ஆத்திரம் வரக் காரணங்களில் ஒன்றாகச் சொல்லப்படுகிறது. சுட்டுக் கொன்றார்கள். அப்படிப்பட்டவர் முழுக்குப் பெற்ற மண்ணில்தான் அடுத்த நூற்றாண்டில் கால்சராய் தைத்தார்கள். 2022 மே 15 அன்று ரோமில் அவருக்குப் புனிதர் பட்டம் கிடைத்தது. அதற்கு முன்பாக, அவர் பெயரோடு ஒட்டியிருந்த ‘பிள்ளை’யை வத்திக்கான் நீக்கியது. இறந்து 270 வருடம் கழித்துத்தான் ஒரு மறைசாட்சியால் சாதியிலிருந்து வெளியே வர முடிந்தது. அவருக்கே இவ்வளவு நாள் என்றால் தெற்கு வாசல்காரர் எந்த மூலை?

வடக்கன்குளத்தில் ஒரு மனிதர் இருந்தார் என்பதையும் சொல்லவேண்டும். கௌசானல் அடிகள், பிரெஞ்சுக்கார இயேசு சபைத் துறவி. 1910-இல் தடுப்பை எடுத்தார். எடுத்ததும் நீதிமன்றப் படி ஏறினார்கள் நம் விசுவாசிகள். எங்கள் கூடத்தை எங்களுக்குத் திருப்பிக் கொடு, எங்கள் தடுப்பைத் திருப்பிக் கட்டு என்று ஆயர் பார்த் மேலேயே வழக்கு. மைக்கேல் பிள்ளை எதிர் பார்த். சென்னை உயர் நீதிமன்றம் வரை போய், 1917-ஆம் ஆண்டின் அகில இந்தியத் தீர்ப்புத் தொகுப்பில் அச்சேறி நிற்கிறது. கோயிலுக்குள் சாதிக்கென்று தனி இடம் கோர உரிமை இல்லை என்று முடிந்தது. பிறரை நேசி என்று சொல்லப் பங்குச்சாமியார் போதவில்லை, ஆயர் போதவில்லை, நான்கு நற்செய்திகளும் போதவில்லை. பிரிட்டிஷ் இந்தியாவின் சிவில் நடைமுறைச் சட்டம் வரவேண்டியிருந்தது.

இந்த நோய் நமக்கு மட்டும்தானா என்று ஒரு ஆறுதல் கேள்வி வரும். இல்லை. இங்கிலாந்தில் பெஞ்சுக்கு வாடகை வாங்கினார்கள். கொடுக்க முடியாதவன் பின்னால். பிலடெல்பியாவில் பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் முழந்தாளிட்டு ஜெபித்துக்கொண்டிருந்த கறுப்பினத்தவரை ஜெபம் முடியும் வரைகூடப் பொறுக்காமல் பிடித்து எழுப்பினார்கள். அவர்கள் எழுந்து போய்த் தனிச் சபையே கட்டினார்கள். தென் ஆப்பிரிக்காவில் டச்சு சீர்திருத்தச் சபை 1857-இல் ஒரு தீர்மானம் போட்டது. எல்லோரும் சேர்ந்து வழிபடுவதுதான் வேதத்துக்கு ஒத்தது. ஆனால் சிலருடைய பலவீனத்தை உத்தேசித்துத் தனித்தனியே வழிபடலாம். அந்தச் சிலர் யார் என்று சொல்லத் தேவையில்லை. முன்வரிசைதான். 1857-இல் பெஞ்சைப் பிரித்தார்கள். 1881-இல் சபையைப் பிரித்தார்கள். 1948-க்குப் பிறகு நாட்டையே பிரித்தார்கள்.

ஆகவே பெஞ்சு சின்ன விஷயம் என்று எவராவது சொன்னால் நம்பாதீர்கள்.

நம் ஊரில் பெஞ்சு எங்கே கொண்டுவிட்டது? எறையூருக்கு. அன்றைய விழுப்புரம் மாவட்டம், இன்று கள்ளக்குறிச்சி. செபமாலை மாதா கோயில். கோயிலுக்குள் தனி இடம், கல்லறையில் தனி இடம் என்று தலைமுறை தலைமுறையாகத் தலித் கிறிஸ்தவர்களை ஒதுக்கியது பற்றிய புகார். போதும் சாமி, எங்களுக்குத் தனிப் பங்கு கொடுத்துவிடுங்கள், எங்கள் சகாய மாதா கோயிலையே வைத்துக்கொள்கிறோம் என்று அவர்கள் கேட்டார்கள். சேர்ந்து உட்காரவும் விடமாட்டோம், பிரிந்து போகவும் விடமாட்டோம் என்றது வன்னியக் கிறிஸ்தவர்களின் ஊர். 2008 மார்ச் 9, ஞாயிற்றுக்கிழமை. தலித் கிறிஸ்தவர்களின் வீடுகள் தாக்கப்பட்டன. போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் வன்னியக் கிறிஸ்தவர்கள் இருவர் செத்தார்கள். அது தவக்காலம். நோன்பிருந்து, சாம்பல் பூசி, மனம் திரும்புகிற காலம்.

கோயிலுக்குள் உட்காரும் இடம் ஒரு மணி நேரப் பிரச்சினை. கல்லறை? திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தின் நடுச்சுவரைப் பற்றிப் பத்திரிகைகள் பலமுறை எழுதிவிட்டன. இந்தப் பக்கம் சாதிப் பிணம், அந்தப் பக்கம் தலித் பிணம். மண்ணோடு மண்ணாகப் போவாய் என்று நெற்றியில் சாம்பல் பூசுகிறார்களே, எந்த மண்ணோடு என்று தெளிவாகச் சொல்ல வேண்டாமா? கடைசி நாளில் எக்காளம் ஊதும்போது வானதூதர் எந்தப் பக்கத்தை முதலில் எழுப்புவார்? முன்வரிசை ஒத்துக்கொள்ளுமா? உயிர்த்தெழுதலுக்கும் ஒரு குழு போட்டுவிடுவது நல்லது.

பழைய கதை என்பீர்கள். 2025 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் ஒரு நோட்டீஸ் அனுப்பியது. கும்பகோணம் மறைமாவட்டத்தில் கோட்டப்பாளையம் பங்கு. புனித மரிய மதலேனாள் கோயில். தலித் கிறிஸ்தவர்கள் கொண்டுபோன வழக்கு. திருவிழாவுக்கு எங்களிடம் வரி வாங்குவதில்லை, விழாவில் சமமாகச் சேர்ப்பதில்லை என்பது அவர்கள் புகார்களில் ஒன்று. உயர் நீதிமன்றம் தள்ளிவிட்டதால் தில்லிக்குப் போனார்கள். உலகத்தில் எந்த அரசாங்கமாவது உன் வரி வேண்டாம் என்று சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? தலைக்கட்டு வரியை வாங்கிக்கொள் என்று குடிமகன் உச்ச நீதிமன்றத்தில் மன்றாடிக் கேட்டிருக்கிறீர்களா? வாங்கினால் தேர் அவர்கள் தெருவுக்கும் வரவேண்டும். அதுதான் கணக்கு.

சீர்திருத்தச் சபைக்காரர்கள் சிரிக்க வேண்டாம். அங்கே பெஞ்சுச் சண்டை குறைவு, உண்மை. நாற்காலிச் சண்டை அதிகம். சேகரக் கமிட்டி முதல் தலைமைப் பொறுப்பு வரை தேர்தல், தேர்தலுக்கு மேல் வழக்கு. தென்னிந்தியத் திருச்சபைத் தேர்தல் உயர் நீதிமன்றமும் உச்ச நீதிமன்றமும் பார்த்துவிட்டது. கிறிஸ்து பிலாத்துவிடம் ஒருமுறை போனார். இவர்கள் வாய்தாவுக்கு வாய்தா போகிறார்கள்.

மேலிடம் சும்மா இருக்கிறதா? இல்லை. மேலிடம் அறிக்கை விடுகிறது. திண்டுக்கல் மறைமாவட்டம் 2003 நவம்பர் 10-ஆம் தேதி திருச்சியிலிருந்து பிரிந்து பிறந்தது. சரியாக ஒரு வாரம் கழித்து, நவம்பர் 17 அன்று, திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் தம்மைப் பார்க்க ரோமுக்கு வந்திருந்த தமிழ்நாட்டு ஆயர்களிடம், கிறிஸ்தவர்களுக்குள் சாதிப் பாகுபாட்டின் சாயல்கூட இருக்கக் கூடாது என்று கண்டித்துப் பேசினார். அப்புறம் 2016 டிசம்பரில் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை தலித் மேம்பாட்டுக்கென்று ஒரு கொள்கை ஆவணமே வெளியிட்டது. பாகுபாடு இருக்கிறது, அது பாவம் என்று ஒப்புக்கொண்டது. நல்ல அச்சு. நல்ல அட்டை. எத்தனை கோயில்களின் அலமாரியில் அது பத்திரமாக இருக்கிறதோ! பத்திரமாகத்தான் இருக்கும். யாரும் எடுத்தால்தானே கெடும்.

2022-இல் முதல் தலித் கர்தினால் வந்தார். ஐதராபாத் பேராயர் அந்தோணி பூலா. கைதட்டினோம். தட்டவேண்டியதுதான். இந்தியாவில் கிறிஸ்தவத்தின் வயது என்ன, முதல் தலித் கர்தினால் வந்த வருடம் என்ன என்று கழித்துப் பார்த்துவிட்டுத் தட்டினால் கை கொஞ்சம் வலிக்கும்.

இதில் அரசாங்கத்தின் பங்கு தனி நகைச்சுவை. 1950-ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதிச் சலுகையை இந்துக்களுக்கு மட்டும் என்று வைத்தது. 1956-இல் சீக்கியரையும் 1990-இல் பௌத்தரையும் சேர்த்தார்கள். கிறிஸ்தவனுக்கு இல்லை. காரணம், கிறிஸ்தவத்தில் சாதி கிடையாதாம். ஆக, தாலுகா ஆபீசுக்குப் போனால், உனக்கு ஏதப்பா சாதி, நீதான் வேதத்தில் சேர்ந்துவிட்டாயே என்கிறார்கள். கோயிலுக்குப் போனால், உனக்கு ஏதப்பா முன்வரிசை, நீ இன்னார்தானே என்கிறார்கள். சான்றிதழ் வேண்டும்போது சாதி மறைகிறது. பெஞ்சில் உட்காரும்போது முளைக்கிறது. இப்படி ஒரு அற்புதம் கானாவூரில்கூட நடக்கவில்லை.

இன்று யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. அந்தக் காலம் போய்விட்டது. வாய்விட்டுச் சொன்னால் வழக்கு வரும். இப்போது சொல்கிற விதமே வேறு. “நாங்க யாரையும் அங்க உக்காரச் சொல்லலைங்க. அவங்களாத்தான் போய் உக்காந்துக்கிறாங்க.” பாருங்கள் பெருந்தன்மையை. தாத்தனை அடித்து உட்கார வைத்த இடத்தில் பேரன் தானாக உட்காருகிறான். இதற்குப் பெயர் விருப்பம். அந்தப் பேரன் ஒரு நாள் ஊர்க்காரப் பெரியவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து பார்க்கட்டும். பெரியவருக்குத் திடீரென்று மின்விசிறிக் காற்று ஒத்துக்கொள்ளாது. இருமல் வரும். எழுந்து வேறு பெஞ்சுக்குப் போவார். வாய் திறக்கவில்லை. சட்டம் மீறவில்லை. பூசை முடிந்ததும் பேரனின் அப்பாவுக்குத் தகவல் போகும்: பையனைக் கொஞ்சம் பார்த்துக்கச் சொல்லுங்க.

பூசையில் சமாதான வாழ்த்து என்று ஓர் இடம் உண்டு. அருகில் இருப்பவருக்குச் சமாதானம் சொல்லுங்கள் என்பார் சாமியார். நாமும் கை கூப்பித் திரும்புகிறோம். அருகில் இருப்பவர் யார்? மாமா, மச்சான், பங்காளி. அவர்களுக்குச் சமாதானம் சொல்ல கோயிலுக்கு எதற்கு வரவேண்டும்? வீட்டுத் திண்ணையில் சொல்லலாமே. சமாதானம் தேவைப்படுகிறவர் தூணுக்குப் பின்னால் இருக்கிறார். அவர் வரைக்கும் கழுத்து திரும்புவதில்லை.

சரி, கோயிலை எப்படித்தான் அமைப்பது என்று கேட்பீர்கள். ரோமுக்கு எழுதிக் கேட்க வேண்டியதில்லை. முதியவர்களுக்கும் முடியாதவர்களுக்கும் பீடத்துக்குப் பக்கத்தில் நாற்காலி. மற்றவர்களுக்குப் பெஞ்சோ பாயோ, எது கட்டுப்படியாகிறதோ அது. வந்தவர் வந்த வரிசையில் உட்காருவது. எல்லா வாசலும் எல்லோருக்கும். சோபாவை ஏலம் விட்டுப் பந்தலை நீட்டுவது. பெயர் எழுத வேண்டுமென்றால் கல்லறைக் கல்லில் எழுதட்டும். அங்கே எழுதித்தான் ஆகவேண்டும். இதற்கு ஆகும் செலவு ஏறக்குறைய ஒன்றுமில்லை. அதனால்தான் எந்தக் குழுவும் இதைத் தீர்மானமாகப் போடுவதில்லை. செலவில்லாத வேலையில் கமிஷன் இல்லை, கல்வெட்டும் இல்லை.

அடுத்த கூட்டத்துக்குப் போங்கள். பெஞ்சு பற்றிய பேச்சு வரும்போது எழுந்து மூன்று கேள்வி கேளுங்கள். தெற்கு வாசலில் நுழைகிறவர்களில் எத்தனை பேர் இந்தக் குழுவில் இருக்கிறார்கள்? உபயப் பணம் எவ்வளவு வந்தது, எதற்குப் போனது, கணக்கை எப்போது வாசலில் ஒட்டுவீர்கள்? 2016-ஆம் ஆண்டின் கொள்கை ஆவணம் எந்த அலமாரியில் இருக்கிறது, கொஞ்சம் எடுத்து வாசிக்கிறீர்களா? பதில் வராது. உட்காருங்கள் என்பார்கள். எங்கே உட்காருவது என்றுதான் கேட்கிறேன் என்று சொல்லுங்கள்.

அது போதாதென்றால் வருகிற ஞாயிறு இடம் மாறி உட்காருங்கள். குடும்பத்தோடு போய்த் தூணுக்குப் பின்னால் உட்காருங்கள்; அங்கே இருப்பவர்களைக் கூப்பிட்டு முன்வரிசையில் உட்கார வையுங்கள். யார் எழுந்து போகிறார் என்று கவனியுங்கள். பெயரை விசாரித்துக்கொண்டு அலைய வேண்டாம். அவர் எழுந்து போன பெஞ்சின் முதுகிலேயே எழுதியிருக்கும்.